பொட்டு வைக்காத கம்ப்யூட்டர்

என் லேப்டாப்புக்கு முன்னால் ஒரு தொன்னை நிறையச் சுண்டல் இருந்தது. லேப்டாப்பின் மூடி மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், அதற்கும் மேல் அரை முழம் கதம்பம். பக்கத்தில் தரப் பிரிவின் மைக்ரோமீட்டர், கணக்குப் பிரிவின் கால்குலேட்டர், மெயின்டனன்ஸ் ஆட்களின் ஸ்பேனர்கள். எல்லாம் ஒரே பட்டு விரிப்பில், சரஸ்வதிக்கும் ஹயக்ரீவருக்கும் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

நான்தான் ஒழுங்காக இல்லை. கையில் செல்போன். காதில் இன்னும் அந்தக் குரல்.

“சார், புது மாடல் முதல் வண்டி நாளைக்குக் காலையில லைன்ல ஏறுது. உங்க பிராக்கெட் இன்னைக்கே வேணும். சாயங்காலம் கேட் மூடறதுக்குள்ள லாரி உள்ள வந்துடணும். வரலேன்னா…”

வரவில்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பெரிய கார் கம்பெனியின் ஆட்கள் அந்த வாக்கியத்தை எப்போதும் பாதியில்தான் விடுவார்கள். மீதியை நம் வயிறு சொல்லிக்கொள்ளும்.

இது ஒரகடத்தில், கார்க் கதவுக்குள் போகும் சின்னச் சின்னத் தகடுகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது. வருடம் கேட்காதீர்கள். எல்லார் சட்டைப் பையிலும் பட்டன் போன் இருந்து, சிலர் மட்டும் தொடுதிரை போனைத் தடவிக்கொண்டு பெருமைப்பட்ட காலம். நாள் மட்டும் நன்றாகத் தெரியும். ஆயுத பூஜை மதியம். வாசலில் உடைத்த பூசணிக்காயைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. லாரி ஏற்றும் ஆட்களைத் தவிர மற்றவர்கள் பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸுமாக பஸ் ஏறிவிட்டார்கள்.

பிராக்கெட் தயார். பெட்டியில் அடைத்து அடுக்கியாகிவிட்டது. லாரியும் நிற்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: பெட்டிக்குப் பெட்டி ஒட்ட வேண்டிய பார்கோடு லேபல். லேபல் இல்லாத பெட்டியை கார் கம்பெனி கேட்டில் இருக்கும் ஸ்கேனர் திரும்பிக்கூடப் பார்க்காது.

லேபல் அடிப்பது என் வேலை. அதற்கு வேண்டிய வித்தையெல்லாம் என் லேப்டாப்பில். லேப்டாப் பூஜையில்.

“எடுத்துக்கலாமா சார்?” என்றேன்.

எங்கள் பிளான்ட் ஹெட் வரதராஜன் சார் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் திருமண், மேஜையில் உற்பத்திச் சார்ட். இரண்டிலும் ஒரு கோடு கோணலாக இருந்தால் அவருக்குத் தாங்காது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“குமரேசன், பூஜையில வெச்சதை நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான் எடுக்கணும். பொட்டு வெச்ச மெஷின் எதையும் இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணப்படாது. எங்கப்பா காலத்துலேர்ந்து இதுதான். கம்பெனிக்காக மாத்த மாட்டேன்.”

பிறகு, நான் எதிர்பார்த்ததையும் சொன்னார். “லாரி போகணும். அதுவும் மாறாது.”

## டீ மாஸ்டருக்குத் தெரிந்தது

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். என் லேப்டாப்பில் அப்படி என்ன வித்தை என்று சொல்லாவிட்டால் என் பதற்றம் உங்களுக்குப் புரியாது. ‘இன்னொரு கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்ள வேண்டியதுதானே’ என்பீர்கள். என் மனைவி இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் தினமும் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சர்க்கரை கம்மி, டிகாக்‌ஷன் தூக்கல், கிளாஸை வெந்நீரில் அலசி, நுரை இல்லாமல். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் மாஸ்டர் ஊருக்குப் போய், புதிய ஆள் நின்றான். ஒரு டீ வாங்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் வந்தது பாயசம்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். நாம் எப்படி வேலை செய்வோம், எதை எப்படி அழைப்போம் என்பதையெல்லாம் சில சின்னக் கோப்புகளில் எழுதி வைக்கலாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி இருந்தால் சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மாஸ்டரின் மண்டைக்குள் இருக்கும் என் டீ மாதிரி.

அந்தக் கோப்புகளில்தான் குறுக்குச் சொற்களை எழுதி வைப்பேன். லேபல் அடிக்க வேண்டுமென்றால், உண்மையில் மூன்று வரி நீளத்துக்கு ஒரு கட்டளை தட்ட வேண்டும். எந்த பிரின்டர், எந்த அளவு, எவ்வளவு கறுப்பு, எந்த பாகம், எத்தனை பெட்டி என்று. எனக்குச் சோம்பல். அந்த மூன்று வரிக்கும் ‘அடி’ என்று பெயர் வைத்துவிட்டேன். ‘அடி’ என்று தட்டினால் லேபல் அடிக்கும். ‘வா’ என்றால் சர்வரோடு இணையும். ‘போ’ என்றால் துண்டிக்கும். ‘ஐயோ’ என்றால் கடைசியாகச் செய்த முட்டாள்தனத்தைப் பழையபடி மாற்றும். தமிழ்ச் சொல்தான், ஆங்கில எழுத்தில் தட்டுவேன். நான்கு சொற்களில் எது அதிகம் பயன்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி சர்வரில் இப்படி அநாகரிகமாகப் பெயர் வைக்கப் பயம். அதனால் எல்லாம் என் லேப்டாப்பிலேயே இருந்தன.

## லாட்ஜில் ஒரு துக்கம்

இந்தக் கோப்புகளை ஒருமுறை பறிகொடுத்திருக்கிறேன். அப்போது இந்தத் தொழிற்சாலை இல்லை, இந்த மனைவியும் இல்லை. வேறு மனைவியும் இல்லை, பதறாதீர்கள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறை. கூட இருந்தவன் இசக்கி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட். பவர் கட்டில் கொசு பேட்டைத் தேடியவன் கை பட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதும் என் லேப்டாப்புக்குள் இறங்கியது.

லேப்டாப் ‘ப்சுக்’ என்றது. எனக்குள்ளும் ஏதோ ‘ப்சுக்’ என்றது.

புதிய லேப்டாப் வந்தது. ஆனால் அது அந்தப் புதிய டீ மாஸ்டர்தான். ‘வா’ என்றால் முழித்தது. ‘அடி’ என்றால் ‘அப்படி ஒரு கட்டளையே கிடையாது’ என்று ஆங்கிலத்தில் அவமானப்படுத்தியது. கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இசக்கி எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, எழவு வீடு கணக்கா ஒக்காந்திருக்கிய? மெசினுதான் புதுசா வந்துட்டுல்லா?”

“மெஷின் வந்துடுச்சுடா. என் பழக்கமெல்லாம் போயிடுச்சு.”

“பழக்கம் போனா நல்லதுதானண்ணே. எங்கப்பாவுக்குப் போவ மாட்டங்குதுன்னுதான் எங்கம்மா கெடந்து அழுவுதா.”

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டதுதான் கிட். அது ஒரு மென்பொருள். கோப்பில் ஏதாவது மாற்றிவிட்டு ‘இதைக் குறித்துக்கொள்’ என்றால், அந்த நிமிடத்தில் இருந்தபடியே ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து மாற்றினால் அடுத்த படி. பழையது எதுவும் அழியாது. எப்போது வேண்டுமானாலும் பின்னால் நடந்து போய் எடுத்து வரலாம். எடுத்த படிகள் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு கிடங்குக்கும் தள்ளிவிடலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். ‘ஏன் மாற்றினேன்’ என்று.

எழுத்தாளன் ஆவேன் என்று அப்போது தெரிந்திருந்தால் அந்தக் குறிப்புகளைக் கொஞ்சம் யோசித்து எழுதியிருப்பேன்.

## எதிலும் இரண்டு

லாட்ஜ் துக்கத்துக்குப் பிறகு நான் வேறு ஆள். என்னிடம் எல்லாவற்றிலும் இரண்டு இருந்தன. இரண்டு ஹெல்மெட், இரண்டு பைக் சாவி, இரண்டு மூக்குக் கண்ணாடி. பழைய லேப்டாப் ஒன்று மாற்றாக. அது போதாதென்று ஒரு ஹார்ட் டிஸ்க். அதுவும் போதாதென்று அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கும் ஒரு பென் டிரைவ். “தாயத்து எங்க, பென் டிரைவ் எங்கன்னு தெரியல. குளிக்கும்போதாவது கழட்டுங்க” என்பாள் கோமதி. கோமதிதான் மேலே சொன்ன மனைவி.

எங்கள் தொழிற்சாலையில் முன்பு லேபல் அடிக்க விலைக்கு வாங்கிய ஒரு சாப்ட்வேர் இருந்தது. ‘அதெல்லாம் வேண்டாம் சார், நானே எழுதறேன்’ என்று மீட்டிங்கில் வாயைவிட்டேன். வரதராஜன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “வீட்டுச் சமையல்ங்கறேள். சரி. இதனால ஒரு லாரி நின்னா, மறுநாள்லேர்ந்து நீங்க வேற எங்கயாவது சமைக்கலாம்.”

அவர் கோபமாகப் பேசினால் பயம் வராது. நிதானமாகப் பேசினால்தான்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதன் ஆயுத பூஜையன்று காலையில் என்ன செய்தேன் தெரியுமா? லேப்டாப்பை விரிப்பில் வைத்தேன். அம்பாள் என் ஜாக்கிரதையையும் பார்த்து ஆசீர்வதிக்கட்டும் என்று மாற்று லேப்டாப்பையும் வைத்தேன். அதன் மேல் ஹார்ட் டிஸ்க். கடைசியாக, எல்லாரும் பார்க்க, கழுத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றி அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

ஆபத்துக்கு உதவ வேண்டிய நான்கு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பூட்டியவன் நான்.

## சின்ன பியா, பெரிய பியா?

ஆக, லாரி நிற்கிறது. நான் நிற்கிறேன். சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் எத்திராஜ் உள்ளே வந்தார். வடக்குப்பட்டுக்காரர், என் வயதுதான். எதற்கும் பதற மாட்டார். அதனாலேயே அவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்.

“இன்னா சாரே, மூஞ்சி வெளுத்துக்கினு கீது? பொட்டியெல்லாம் ரெடி. ஃபோர்க்லிஃப்டுக்குப் பொட்டு வெச்சாச்சு, அத்தத் தொடக் கூடாதுன்ட்டாரு. பரவால்ல, கையிலயே ஏத்திக்கினு இருக்கோம். லேபல் குடு.”

“லேபல் இல்ல எத்திராஜ்.”

“இல்லன்னா?”

“லேப்டாப் பூஜையில இருக்கு.”

“சரி, வேற மெஷின்ல அடி.”

கோமதிக்கும் இவருக்கும் ஏதோ பூர்வ ஜென்ம உறவு.

வேறு மெஷினில் அடிக்க, அந்த மூன்று வரிக் கட்டளை முழுவதும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. ‘அடி’ என்று பெயர் வைத்த நாளோடு அதை நான் மறந்துவிட்டிருந்தேன். ஒரு பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்தேன். முதலில் ஒரு சொல். பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒரு பி. சின்ன பியா, பெரிய பியா? சின்ன பி என்றால் பிரின்டர், பெரிய பி என்றால் பக்கமா? அல்லது மாற்றியா? பெரிய பியைப் போட்டுவிட்டு அடித்தேன். சின்ன பியைப் போட்டுவிட்டு அதையும் அடித்தேன். பேப்பரைப் பார்த்தால் எல்.கே.ஜி. பையன் எழுத்துப் பழகியது போல இருந்தது.

எத்திராஜ் எட்டிப் பார்த்தார். “நீ எழுதுனதுதான சாரே?”

“ஆமா.”

“உனக்கே தெரியலயா?”

“எழுதினப்ப தெரியும்.”

அப்போது எனக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தக் குரலைத் தெரியும். ‘குமரேசா, லாரி நிற்கும். லைன் நிற்கும். புது மாடல் ஆர்டர் போகும். வரதராஜன் சார் நிதானமாகப் பேசுவார். கோமதி காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பாள்…’ பதற்றத்தில் கை தானாகச் சுண்டலை எடுத்துத் தின்ன ஆரம்பித்திருந்தது. நைவேத்தியம் ஆன சுண்டல்தான். இருந்தாலும் அந்த நேரத்தில் அது சரியில்லை.

மென்றுகொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. நான்கு பேரைத்தான் பூட்டினேன். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. இணையத்துக் கிடங்கு. அதற்குப் பொட்டு வைக்க எனக்குக் கை எட்டவில்லை.

“எத்திராஜ்! பொட்டு வைக்காத கம்ப்யூட்டர் இந்தக் கம்பெனியில எங்க இருக்கு?”

அவர் மோவாயைச் சொறிந்தார். “எல்லாத்துக்கும் வெச்சோமே. காத்தாலயே சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கினு ஒரு ரவுண்டு வந்தேன். கேன்டீன் கிரைண்டருக்குக்கூட வெச்சேன்…” நிறுத்தினார். “கேட்ல ஒண்ணு கீது. செக்யூரிட்டி ரூம்ல. அத்தப் பாத்தா மெஷினாவே தெரியல, வுட்டுட்டேன்.”

## கேட்டில் இருந்த கிழவி

அது ஒரு பழைய கம்ப்யூட்டர். வந்து போகும் வண்டிகளின் எண்ணைப் பதிய வைத்திருந்தோம். விண்டோஸ் தாங்கும் தெம்பு போய்விட்டதால் நான்தான் அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். லினக்ஸ் போட்ட கையோடு கிட்டையும் போட்டுவிடுவது என் வியாதி. பூஜை அறையிலிருந்து கேட் வரை ஓடினேன். ஓடினேன் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். என் தொப்பையும் நானும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தோம்.

கேட்டில் பலராமன் இருந்தார். தண்டலத்துக்காரர், செக்யூரிட்டி யூனிஃபார்மில் விபூதியும் பொரித் தூளும்.

“எழுந்திருங்க பலராமன், உங்க கம்ப்யூட்டர் வேணும்.”

“இத வெச்சு இன்னா சார் பண்ணப் போறீங்க? வண்டி நம்பர் அடிச்சாலே மூச்சு வாங்குது.” எழுந்தார். “ஆங், இன்னொண்ணு. காலைல கூரியர்ல ஒரு பொட்டி வந்துச்சு உங்களுக்கு. ஸ்டோர்ஸ் பூட்டிட்டாங்க, வரவு நோட்டுல இன்வேர்டு போடல. இங்கயே வெச்சிருக்கேன்.”

மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைப் பிரித்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்கில் வராமல், ‘செத்துவிட்டது’ என்று நான் தலை முழுகிய எங்கள் பழைய லேபல் பிரின்டர்! அதுவும் பொட்டு இல்லாமல்!

வரதராஜன் சார் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். “சார், இது இன்னும் கம்பெனிக்குள்ளயே வரல. இன்வேர்டு ஆகல. பூஜையும் ஆகல. ஸ்டார்ட் பண்ணலாமா?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். சாஸ்திரத்தின் பக்கங்களைப் புரட்டுகிறார் என்று தெரிந்தது.

“உள்ள வராத சாமானுக்கு நியமம் இல்லை. பண்ணுங்கோ.”

“சர்வருக்குப் பொட்டு இருக்கு சார்.”

“அது நிக்கவே இல்லையே. ஓடிண்டிருக்கறதை நிறுத்துன்னு நான் சொல்லலை. நின்னதை ஓட்டாதேன்னுதான் சொன்னேன்.”

இந்த மனிதர் வக்கீலாகப் போயிருந்தால் நாடு தாங்கியிருக்காது.

ஒரே ஒரு தடங்கல். சர்வரும் உள் நெட்வொர்க்கும் ஓடின. ஆனால் இணையத்துக்கான மோடம் அட்மின் அறையில், பொட்டோடு அணைந்து கிடந்தது. “வெளியில போக வழி இல்ல சார்” என்றேன். அவர் நேராகத் தன் காரிடம் போனார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். ஒரு டேட்டா கார்டு. கம்ப்யூட்டரில் செருகினால் இணையம்.

“கார் சீட்டுக்கடியில கெடந்தது. பூஜையில வைக்க மறந்துட்டேன்.” அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வெட்கம்.

## ஒரு போட்டோ அளவுகூட இல்லை

டேட்டா கார்டின் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. பச்சையாக மாறியது. கிடங்கின் கடவுச்சொல்லைத் தட்டினேன். தப்பு. மறுபடி தட்டினேன். தப்பு. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன். தலைக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் முறை திறந்தது.

“எவ்ளோ நேரம் ஆவும் சாரே?” என்றார் எத்திராஜ். “பெரிய ஃபைலா?”

கேட்டு முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. வருடக்கணக்காக நான் சேர்த்த சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்து, அவர் போனில் இருக்கும் அவர் மகளின் பிறந்தநாள் போட்டோ அளவுகூட இல்லை. இதற்கு அவமானப்படுவதா சந்தோஷப்படுவதா என்று யோசிக்க நேரம் இல்லை.

கோப்புகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். சட்டென்று திரையின் நிறம் மாறியது. என் நிறம். எழுத்து பெரிதானது. என் கண்ணுக்கு ஏற்ற பெரிது. பலராமனின் கிழட்டு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து என் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, ‘வழக்கம்போலத்தானே சார்?’ என்றார்.

‘வா’ என்று தட்டினேன். சர்வர் வந்தது.

‘அடி’ என்று தட்டினேன்.

ஒன்றும் இல்லை. காலடியில் இருந்த பிரின்டர் கல் மாதிரி இருந்தது.

“அடிக்கலயே,” என்றார் வரதராஜன் சார். மிக நிதானமாக.

## குப்பை என்று நினைத்தது

என் ‘அடி’ லேபலை டிஸ்பாட்ச் பிரின்டருக்கு அனுப்பியிருந்தது. அதுவோ பொட்டோடு தூங்குகிறது. பழைய பிரின்டருக்கு அனுப்பும் வரிகள் என் கோப்பில் இருக்குமே என்று தேடினேன். இல்லை. மேலே தேடினேன். கீழே தேடினேன். பிறகு ஞாபகம் வந்தது. முந்தின நாள், ஊரே மெஷினைத் துடைக்கிறதே என்று, நானும் என் கோப்புகளைத் துடைத்திருந்தேன். ‘செத்த பிரின்டருக்கு எதற்கு இத்தனை வரி’ என்று அள்ளிக் கொட்டியிருந்தேன்.

எத்திராஜ் வாட்சைப் பார்த்தார். வெளியே லாரி டிரைவர் ஒரு ஹாரன் கொடுத்தார்.

ஆனால் இதற்காகத்தானே அய்யா கிட்! வெறும் நகல் என்றால் நேற்றைய முட்டாள்தனத்தின் நகல்தான் கையில் இருக்கும். கிட் பழையதை எல்லாம் வைத்திருக்கும். குறிப்புகளைத் திரைக்கு வரவழைத்தேன். என் வரலாறு முழுவதும் வரிசையாக இறங்கியது. எனக்குப் பின்னால் நின்றிருந்த வரதராஜன் சார் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“‘ஆயுத பூஜை, குப்பை அகற்றம்.’ ம். ‘இதுதான் கடைசி மாற்றம்.’ ‘சத்தியமா இதுதான் கடைசி.’ ‘நேத்து பண்ணின சத்தியம் பொய்.’ ‘பிளான்ட் ஹெட் கத்தினார், மாத்திட்டேன்.’ ‘பிளான்ட் ஹெட் சொன்னது தப்பு, பழசே போதும்…’ குமரேசன், இதென்ன?”

“அது வேற பிளான்ட் ஹெட் சார்.”

“இந்த பிளான்ட்டுக்கு நான் ஒருத்தன்தானே ஹெட்?”

“ஆமா சார்.”

எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பலராமன், வராத ஒரு வண்டியின் நம்பரைப் பார்க்க வெளியே போனார்.

நான் எழுதியதற்கு வெட்கப்பட அப்போது நேரம் இல்லை. குப்பை அகற்றத்துக்கு முந்தைய படியைச் சுட்டி ‘ஐயோ’ என்று தட்டினேன். போன வரிகள் அத்தனையும் திரும்பி வந்து உட்கார்ந்தன. சின்ன பிதான். பெரிய பி இல்லவே இல்லை. பிரின்டரின் நெட்வொர்க் ஒயரைச் சுவரில் செருகினேன்.

“சார், அடிக்கட்டுமா?”

“கேட்டுண்டு இருக்காதீங்கோ.”

அடி.

பிரின்டர் இருமியது. மாதக்கணக்கில் ரிப்பேர்க் கடையில் கிடந்த தொண்டை. மறுபடி இருமியது. பிறகு ‘சர்ர்ர்’ என்று நாக்கை நீட்டியது. வெள்ளையில் கறுப்பாக, சூடாக, கோடு கோடாக முதல் லேபல்.

அதை நான் முகர்ந்து பார்த்தேன். உண்மையாகவே. சூடான லேபலின் அந்த மெழுகு வாசனைக்கு முன்னால் கதம்பமாவது, கற்பூரமாவது!

“இன்னா சாரே மோந்துகினு கீறே, குடு இப்டி!” எத்திராஜ் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நான் அடித்தேன், பலராமன் கிழித்தார், எத்திராஜின் ஆட்கள் ஒட்டினார்கள். சந்தனக் கை, பொரிக் கை, கிரீஸ் கை என்று எல்லாக் கையும் பட்டு லேபல் ஒட்டிய லாரி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு வெளியே போனது. எத்திராஜ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மந்திரி மாதிரி கை காட்டினார்.

## கீ

அதற்குப் பிறகான காத்திருப்பைப் பற்றி எழுத மாட்டேன். என் மரியாதை கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும். பலராமனின் ஸ்டூலைச் சுற்றி நான் நடந்த நடையில் கோயில் பிரதட்சிணமே முடிந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

போன் அடித்தது. எத்திராஜ்.

“சாரே, கேட்டாண்ட நிக்கிறோம். ஸ்கேன் பண்றாங்கோ. கேளு.” போனை எங்கேயோ நீட்டினார்.

காற்றுச் சத்தம். யாரோ இந்தியில் ஏதோ சொன்னார்கள். பிறகு, ‘கீ’.

சின்னச் சத்தம்தான். கடுகு வெடித்தது போல. ஸ்பீக்கரைப் போட்டேன். ‘கீ’. வரதராஜன் சார் பக்கத்தில் வந்து குனிந்தார். ‘கீ’. ‘கீ’. ‘கீ’. ஒரு பெட்டிகூட மக்கர் செய்யவில்லை. எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு சங்கீதம் கேட்டதில்லை.

“கேட்டு தொறந்துகினு கீது சாரே! உள்ள போறோம்!”

நான் கத்திய கத்தலில் செக்யூரிட்டி அறையின் ஜன்னல் அதிர்ந்தது. பலராமனைக் கட்டிப்பிடித்தேன். அவர் விறைப்பாக சல்யூட் அடித்தார், என்ன செய்வதென்று தெரியாமல். பிளான்ட் ஹெட்டைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கடைசி நொடியில் கையைக் கும்பிடாக மாற்றிக்கொண்டேன்.

அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் லாரியில் கொள்ளாத மீதிப் பெட்டிகளுக்காக இரண்டாவது லாரி வந்து எங்கள் கேட்டில் நின்றது.

“குமரேசன்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்த லோடுக்கு நான் அடிக்கட்டுமா?”

பலராமனின் ஸ்டூலில் பிளான்ட் ஹெட் உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தைத் தோளில் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். என்டரை அழுத்தியதும் பிரின்டர் ‘சர்ர்ர்’ என்றது. லேபலைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். உற்பத்திச் சார்ட் எவ்வளவு உயரத்தில் போனாலும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுபடி தட்டினார். மறுபடி ‘சர்ர்ர்’. மறுபடி சிரிப்பு. “மூணே எழுத்து! மூணே எழுத்து, பாருங்கோளேன்!” என்று பலராமனிடம் காட்டினார். இன்னொரு முறை தட்டினார். அந்த லாரிக்கு வேண்டியதற்கு மேலேயே லேபல் வந்து, மேஜையிலிருந்து வழிந்து, தரையில் வாலாக நீண்டது. அவர் நிறுத்துவதாக இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த மனிதர் முன்னால் என் குரல் தரைக்கு ஒரு சாண் மேலேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு அது எங்கிருந்து வந்ததோ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்:

“சார், போதும். எழுந்திருங்க. லாரி நிக்குது.”

எழுந்துவிட்டார்.